பழைய சிஆர்-வியின் பின்பக்க முனகலும் ஒரு கோவைப் பட்டறையும்

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஆல் வீல் டிரைவ் வண்டி வைத்துக்கொண்டு, "பின் டிஃபரன்ஷியல் போச்சு, செட்டாக மாற்றணும்" என்று, அதாவது பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற கியர் பெட்டியையே மாற்றச் சொல்லி, எங்கேயாவது எஸ்டிமேட் வாங்கிப் பையில் வைத்திருக்கிறீர்களா? அந்தக் காசைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோவையில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்னப் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட வேண்டாம் என்று பட்டறைக்காரரே சொல்லிவிட்டார். "இருக்கற வண்டியப் பாக்கவே ஆளில்லீங்கம்மா" என்றார். கோவையில் பழைய ஹோண்டாவோ ஸ்கோடாவோ வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் யாராவது வழி சொல்லிவிடுவார்கள்.

என் வண்டி ஹோண்டா சிஆர்-வி, 2008 மாடல், 2.4 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக். வால்பாறையில் ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். அரிசி, காய்கறி, கேஸ் சிலிண்டர், மெத்தை உறை என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதுதான் இதன் பிழைப்பு. எங்கள் ஊர் மழையில் எஸ்டேட் மண் ரோட்டில் இறங்க வேண்டுமென்றால் பின்சக்கரமும் இழுத்தாக வேண்டும். அதனால் இதை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

போன மழைக்குப் பிறகு வண்டி மூன்று விதமாகச் சத்தம் போட ஆரம்பித்தது. வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால், மழையில் ஊறிப்போன மரக்கதவைத் தள்ளுகிற மாதிரி பின்னாலிருந்து ஒரு முனகல். கூடவே இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு. பொள்ளாச்சி ரோட்டில் 50-ஐத் தாண்டினால் 'ஊ...' என்று ஓர் இரைச்சல். கியரை டி-யிலிருந்து ஆர்-க்குப் போட்டால் 'டொக்'.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பளபளவென்று இருந்தது, காபியெல்லாம் கொடுத்தார்கள். ஸ்கேனரைச் சொருகி, "கோடு ஒண்ணும் வரலை மேடம்" என்றார்கள். கோடு என்றால் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிற கோளாறு எண். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்று சத்தத்துக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு: பின் டிஃபரன்ஷியல் முழு செட். எஸ்டிமேட் ₹1.4 லட்சம். அதையும் எனக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் நம்பரை வாங்கி அவருக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அந்த வண்டியை அவர் ஓட்டியதே அபூர்வம். அந்த முனகலை அவர் காதால் கேட்டதுகூட இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த சிஆர்-வியின் ஃபோர் வீல் டிரைவை இயக்குவது கம்ப்யூட்டர் இல்லை. அதனால் அந்தப் பகுதியில் என்ன கோளாறு வந்தாலும் ஸ்கேனர் வாயே திறக்காது. 'கோடு இல்லை' என்பதை வைத்துக்கொண்டு அங்கே ஒரு முடிவுக்கும் வர முடியாது. இது எனக்குத் தெரிந்ததே கோவைப் பட்டறைக்குப் போன பிறகுதான்.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தகரக் கூரை, இரண்டு தூண் லிஃப்ட் ஒன்று, சுவர் முழுக்கக் கரி. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான். "ஏனுங்கம்மா, வண்டி சூடானப்பறம் வருதுங்ளா, காலைல எடுத்த உடனேவே வருதுங்ளா? ரெண்டு பக்கம் ஒடிச்சாலும் வருதுங்ளா? ஆக்ஸிலேட்டர விட்டா அந்த ஊங்கற சத்தம் கொறையுதா, அப்படியேதான் இருக்குதா? டயர் எப்ப மாத்துனீங்க, எத்தன மாத்துனீங்க?" நான் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். டயக்னோசிஸுக்கு மட்டும் ₹1,500. வேலை இங்கே செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பார்ப்பதற்கே காசா என்று நம் ஆட்களுக்குத் தோன்றும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. பார்ப்பதற்குக் காசு வாங்காத இடத்தில், அதை வேறு எங்காவது ஏற்றித்தான் வாங்குவார்கள்.

அப்புறம் டயர். டயர் பட்டனின் ஆழத்தை அளக்கிற சின்ன அளவுகோலை எடுத்து நாலு டயரையும் அளந்தார். பின் இரண்டும் 8 மி.மீ., முன் இரண்டும் 3 மி.மீ. ஒரு டயர்க்கடையில், 'ரெண்டு புதுசு போதும், பின்னால போடுங்க' என்று போட்டுவிட்டது. சாதாரண முன்சக்கர இழுவை வண்டிக்கு அது சரியான யோசனைதான், பின்பக்கம் வழுக்காது. இந்த மாதிரி வண்டிக்கு அது வேறு கணக்கு. தகரத்தில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். என் டயர் அளவு 225/65 ஆர்17. புதுசு சுமார் 724 மி.மீ. விட்டம். 5 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 10 மி.மீ. போய்விடும். தேய்ந்த முன்சக்கரம், கிலோமீட்டருக்குப் பின்சக்கரத்தைவிட ஆறு சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 64 கி.மீ.; நேர் ரோட்டில் போனாலும் நானூறு சுற்றுக்குப் பக்கம் வித்தியாசம்.

அதில் என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு, உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பின் டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு சின்ன ஆயில் பம்ப். ஒன்றை, முன்னாலிருந்து விசையைக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறது, இன்னொன்றைப் பின்சக்கரம் சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஒன்று தள்ளும் ஆயிலை மற்றது இழுத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறாது; வண்டி முன்சக்கரத்தில் மட்டும் ஓடும். முன்சக்கரம் சேற்றில் வழுக்கி வேகமாகச் சுற்றினால் அந்தப் பம்ப் தள்ளும் ஆயில் மிச்சப்பட்டு அழுத்தம் ஏறும், அது கிளட்ச் தட்டுகளை நெருக்கும், பின்சக்கரம் இழுக்க ஆரம்பிக்கும். சென்சார், மோட்டார் எதுவும் இல்லை. சின்னச் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் அழுத்தம் ஏறாமலிருக்க ஆயில் கசிய ஒரு நுண்துளையும் வைத்திருக்கிறார்கள்.

கொண்டை ஊசியில் திரும்பும்போது முன்சக்கரம் வெளிவட்டத்திலும் பின்சக்கரம் உள்வட்டத்திலும் போகும். முன்சக்கரத்துக்குத் தூரம் அதிகம், சுற்றும் அதிகம். வழுக்கல் இல்லாமலேயே கிளட்ச் லேசாகப் பிடிக்கும். ஆயில் நன்றாக இருந்தால் தட்டுகள் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். ஆயில் கெட்டிருந்தால் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு... அதுதான் முனகல். என் வண்டியில் முன்டயர் வேறு தேய்ந்து, நேர் ரோட்டிலும் அந்த வித்தியாசம் கூடவே வந்துகொண்டிருந்தது. "டயருதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேனுங்க, ஆனா ஆயில் சீக்கரம் வேகறதுக்கு இதுவும் ஒத்தாசை" என்றார். இப்படி அளந்து பேசுகிற மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

"நீங்களே ஓட்டுங்கம்மா, நான் பக்கத்துல உக்கார்றேன். உங்க காலுக்குத்தான் அந்தச் சத்தம் வரும்." ஓட்டினேன். காலியான ரோட்டில் 60-ல் போகச் சொல்லி, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்டச் சொன்னார். வலப்பக்கம் ஒடிக்கும்போது இரைச்சல் கூடியது, இடப்பக்கம் ஒடித்தால் அடங்கியது. வலது திரும்பினால் வண்டியின் எடை இடப்பக்கச் சக்கரங்களில் ஏறும். அப்போது கூடினால் இடப்பக்கத்து வீல் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். அது முன்னா பின்னா என்று காது மட்டும் சொல்லாது. அதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்: கவ்விப் பிடிக்கிற கிளிப் ஒவ்வொன்றிலும் ஒரு மைக், எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய், அதிலிருந்து ஹெட்போன். இடது முன்சக்கரத்து நக்கிள் (சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் துண்டு), இடது பின்சக்கரம், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங், பின் டிஃபரன்ஷியல் என்று நாலு இடத்தில் கவ்வவிட்டு மறுபடியும் ஒரு சுற்று. இந்த முறை அவர் ஓட்டினார், ஹெட்போன் என் காதில். பெட்டியின் குமிழை ஒவ்வொன்றாகத் திருப்பச் சொன்னார். பின் இடது சக்கரத்தில் மட்டும் மணலை அரைக்கிற கரகரப்பு. மற்ற மூன்றும் சும்மா ரோட்டுச் சத்தம். ஒன்றரை லட்சத்தை நெருங்குகிற எஸ்டிமேட்டில் ஒரு பகுதி ஒரு வீல் பேரிங்தான் என்பதை என் காதாலேயே கேட்டேன். பட்டறைக்குத் திரும்பி லிஃப்டில் ஏற்றி, ஒரு கையால் அந்தச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கை விரலை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வைக்கச் சொன்னார். விரல் நுனியில் குறுகுறுவென்று ஏறியது. வலப்பக்கம் அது இல்லை.

'டொக்' சத்தத்துக்கு அவ்வளவு மெனக்கெடவே இல்லை. பானெட்டைத் திறந்துவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டி, ஆர் என்று மாற்றச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்தது. இன்ஜினைத் தாங்குகிற பக்கவாட்டு மவுண்டின் ரப்பர் விரிந்து, உள்ளிருந்த திரவம் கசிந்து கறை படிந்திருந்தது. ஏசி போட்டு சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கியதற்கும் அதுவே காரணமாம். நான் அதை ஒரு குறையாகவே சொல்லியிருக்கவில்லை, பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன்.

மிச்சம் முனகல்தான். இதற்கு ஹோண்டாவின் டூயல் பம்ப் ஃப்ளூயிட் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. சாதாரண கியர் ஆயிலும் ஆகாது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் ஆகாது. அந்த ஆயில் அன்று அவரிடம் இல்லை. இருப்பதை ஊற்றி அனுப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. "நாளைக்கு வரும், வண்டி இருக்கட்டும்" என்றார். அதற்குள் ஊர்ஜிதம் செய்துவிடலாம் என்று புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினார். கழற்றும் முன் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சிலும் (இணைப்புத் தட்டு) டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சிலும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் மாட்டாவிட்டால், இல்லாத ஓர் அதிர்வை நாமே உண்டாக்கிவிடுவோம். இப்போது வண்டி முழுக்க முன்சக்கர இழுவை. ஒரு மண் திடலில் முழுக்க ஒடித்து வட்டமடித்தோம். முனகல் இல்லை. சத்தம் முன் ஆக்ஸிலில் இல்லை, ஷாஃப்ட்டுக்குப் பின்னால்தான் என்பது முடிவாகிவிட்டது.

டஸ்டர் ஆல் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை. டேஷ்போர்டில் இருக்கிற திருகை டூ வீலில் வைத்து ஒரு வட்டம், ஆட்டோவில் வைத்து ஒரு வட்டம் அடித்தால் போதும், சத்தம் பின்சக்கரத்தை இணைக்கிற கப்ளிங் பக்கமா இல்லையா என்று வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். அன்று பட்டறையில் ஒரு ஸ்கோடா யெட்டி காரும் நின்றது. அதில் பின்சக்கரத்தை இணைப்பது ஹால்டெக்ஸ் என்ற கிளட்ச், எல்லாம் எலக்ட்ரானிக், அங்கே ஸ்கேனருக்கு வேலை உண்டு. அதன் ஆயிலை மாற்றாமல் விட்டால் முனகக்கூடச் செய்யாதாம். பம்ப் அடைத்துக்கொண்டு பின்சக்கரம் சத்தம் போடாமல் இழுப்பதை நிறுத்திவிடும், ஓட்டுகிறவருக்குச் சேற்றில் மாட்டும்போதுதான் தெரியும். சத்தம் போட்டுச் சொன்ன என் வண்டி எவ்வளவோ மேல்.

மறுநாள் ஆயில் வந்தது. ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடியில் வடிக்கும் போல்ட்டில் கை வைத்தார். முதலில் வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்துத் திறக்க வரவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடிந்தது கறுப்பு, தீய்ந்த வாடை. வடிகால் போல்ட்டின் முனையில் காந்தம் இருக்கிறது. அதில் ஒட்டியிருந்ததைக் கட்டை விரலால் வழித்து, செய்தித்தாளில் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். சாம்பல் நிறப் பசை, மையாக இருந்தது. "இப்படி இருந்தா தேய்மானம். செதில் செதிலா மின்னுச்சுன்னாத்தான் நாம அழோணும்." ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடித்தது, துளையில் வழிகிற வரைக்கும். வாஷர் இரண்டும் புதுசு. அப்புறம் திடலில் இடமும் வலமுமாக எட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார், புது ஆயில் தட்டுகளுக்கிடையில் ஏறுவதற்காக. முனகல் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம், கொஞ்சம் ஓடிய பிறகு இன்னொரு முறை ஆயில் மாற்றினால்தான் போகும் என்று வடிப்பதற்கு முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆயிற்று, இரண்டாம் முறை மாற்றிய பிறகு 9-வது வளைவில், லோம்ஸ் வியூ காட்சிமுனைக்காக முழுக்க ஒடித்து ஓரங்கட்டும்போதுகூட ஒன்றும் கேட்கவில்லை.

அதிக நேரம் பிடித்தது பின்சக்கர ஹப்புக்குத்தான், அதாவது சக்கரம் மாட்டுகிற நடுத்துண்டுக்கு. பேரிங்கோடு சேர்ந்த ஹப்பாக வருவதால், பேரிங்கை அழுத்தி ஏற்றுகிற பிரஸ் வேலை இல்லை. ஆனால் வால்பாறை ஈரத்தில் போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிப்போயிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, சுத்தியல் சத்தம்தான்.

ஹப், மவுண்ட், இரண்டு முறை ஆயில், கூலி, டயக்னோசிஸ் எல்லாம் சேர்த்து ₹29,000 சொச்சம். முன்டயர் இரண்டையும் பின்னால் இருப்பதே போல அதே கம்பெனி, அதே பேட்டர்னில் தனியாக வாங்கிப் போட்டேன். அந்தச் செலவு இதில் சேராது. கழற்றிய சாமான்களை ஒரு கோணிப்பையில் போட்டுப் பின்னால் வைத்திருந்தார். பெரிய சர்வீஸ் சென்டரைக் குறை சொல்கிற நோக்கம் எனக்கில்லை. புது வண்டி, வாரன்ட்டி உள்ள வண்டி என்றால் அங்கேதான் போக வேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டிக்கு, செட்டாக மாற்றுகிற இடமும், சத்தத்தைப் பிரித்துப் பார்க்கிற இடமும் வேறு வேறு.

இனி பட்டறைக்காரரின் குறைகள். போனை எடுக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் போட்டால் ராத்திரி பத்து மணிக்கு ஒரு கட்டை விரல் வரும், அதற்கு 'பார்த்தேன்' என்று அர்த்தமா 'வாங்க' என்று அர்த்தமா என்பது நம் பாடு. நேரம் சொன்னால் அதோடு அரை நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். பில் கையால் எழுதியது. சாமான் வாங்கிய ரசீதை மட்டும் கேட்டால் தருகிறார். டிரைவர் சீட்டில் கிரீஸ் விரல் பதிந்து வந்தது, இன்னும் போகவில்லை. பெண்களுக்கு முக்கியமான விஷயம்: கழிவறை கிடையாது. தெருமுனை பேக்கரியிலும் இல்லை, மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு பெட்ரோல் பங்க்குக்குத்தான் போக வேண்டும். இதை அவரிடம் நேராகவே சொன்னேன், தலையைச் சொறிந்தார். ஏசி, எலக்ட்ரிக்கல், டிங்கரிங் எதையும் தொடுவதில்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட் நடு பேரிங்கின் ரப்பர் லேசாக வெடித்திருப்பதாகவும், இப்போதைக்கு மாற்ற வேண்டாம், 70-க்கு மேல் காலடியில் இரைச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வேறு இடமாக இருந்தால் அதுவும் பில்லில் ஏறியிருக்கும்.

போகிறவர்களுக்கு: வண்டியை முடிந்தவரை ஓட்டிக்கொண்டே போங்கள், சூடாக இருந்தால்தான் சத்தம் வரும். ஓட்டவே முடியாத நிலை என்றால் நாலு சக்கரமும் மேலே ஏறுகிற தட்டு லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தால் இந்த மாதிரிப் பின் டிஃபரன்ஷியல் வழியிலேயே கெட்டுவிடும். தினமும் ஓட்டுகிறவரே போக வேண்டும், டிரைவரிடம் சாவி கொடுத்து அனுப்பினால் பட்டறைக்காரர் கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்காது. டயர் வாங்கிய பில்லும், கடைசியாக எந்த ஆயில் ஊற்றினார்கள் என்ற விவரமும் கையில் இருக்கட்டும். டேங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்; திடலில் எட்டுப் போடுவதெல்லாம் நம் பெட்ரோலில்தான்.